முட்டுக்கட்டையின் இரண்டு பொருள்

இலக்கியம் பேசும் இடத்தில் கிரிக்கெட் எதற்கு என்று கேட்கப்போகும் நண்பர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இது ஆட்ட நுணுக்கம் பற்றிய கட்டுரை அல்ல. ஒரு சமூகம் தன் நாயகர்களுக்கு வயதாகும்போது அவர்களை எங்கே உட்கார வைக்கிறது என்பதைப் பற்றியது. சினிமாவுக்கும் அரசியலுக்கும் சங்கீதத்துக்கும் சிறுபத்திரிகைக்கும் பொதுவான கேள்வி அது. இன்று அந்தக் கேள்வி மிகக் கூர்மையாக எழுந்து நிற்கும் இடம் சேப்பாக்கம் மைதானம் என்பதால் அங்கிருந்து தொடங்குகிறோம்.

மகேந்திர சிங் தோனி 1981 ஜூலை 7 அன்று பிறந்தவர். 2025 நவம்பரில் சென்னை சூப்பர் கிங்ஸ் அணி, அடுத்த ஆண்டுக்காகத் தக்கவைத்துக்கொண்ட வீரர்களின் பட்டியலை வெளியிட்டபோது, நாற்பத்து நான்கு வயதைக் கடந்துவிட்ட அவருடைய பெயரும் அதில் இருந்தது. எங்கள் நண்பர் வட்டத்திலேயே அது கொண்டாடப்பட்டது. முணுமுணுத்தவர்கள் நன்றிகெட்டவர்கள் என்று ஏசப்பட்டார்கள். இக்கட்டுரையை அந்த நன்றிகெட்டவர்களின் தரப்பாக எடுத்துக்கொள்ளலாம். அவர் நாளையே ஓய்வை அறிவித்தாலும், இன்னும் இரண்டு ஆண்டுகள் ஆடினாலும் நாங்கள் சொல்லவிருப்பது மாறப்போவதில்லை.

எங்கள் வாதத்தைச் சுருக்கமாக முன்வைக்கிறோம். வயதான நட்சத்திரம் ஒருவர், கோப்பையைக் குறிவைத்து ஆடும் அணியின் பெஞ்சில் பொருந்த முடியும். பொருந்தியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பெஞ்சு என்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. எப்போது களமிறங்குவது, இன்றைக்குக் களமிறங்குவதா வேண்டாமா என்பதை அவரல்லாத வேறொருவர் முடிவுசெய்ய வேண்டும். தோனியின் விஷயத்தில் அந்த வேறொருவர் இல்லை. அவரை இல்லாமல் ஆக்கியதில் அணி நிர்வாகத்துக்கும் ரசிகர்களுக்கும் சமபங்கு உண்டு.

*

பெஞ்சு என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர்களுக்கு அவமானம்தான் நினைவுக்கு வருகிறது. வகுப்பறையில் பெஞ்சின் மேல் ஏற்றி நிறுத்தப்பட்டவர்களின் சமூகம் அல்லவா! கூடைப்பந்து ஆடும் நாடுகளில் அப்படி இல்லை. அங்கே தொடக்க ஐவரில் இடம்பெறாமல், ஆட்டத்தின் நடுவே இறங்கி அதன் போக்கை மாற்றுகிறவருக்கு ‘ஆறாவது ஆள்’ என்று தனிப் பெயர் உண்டு. ஆண்டுதோறும் தனி விருதும் உண்டு. அர்ஜென்டினாவின் மனு ஜினோபிலி சான் அன்டோனியோ அணியின் மிகச்சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர். எந்த அணியிலும் முதல் ஐவரில் நின்றிருக்கக்கூடியவர். அவர் தம் காலத்தின் பெரும்பகுதியைப் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தே ஆடினார். 2007-08 பருவத்தில் ஆறாவது ஆள் விருதைப் பெற்றார். 2014இல் அந்த அணி கோப்பையை வென்றபோது அவருக்கு வயது முப்பத்தாறு; அப்போதும் பெஞ்சிலிருந்துதான் வந்தார். யாரும் அவரைச் சிறுமைப்பட்டவராகக் கருதவில்லை.

இதன் மறுபக்கமும் உண்டு. ஆலன் ஐவர்சன் அதே விளையாட்டின் பெரும் நாயகர். 2009இல் மெம்பிஸ் அணியில் சேர்ந்தார். பெஞ்சிலிருந்து வரவேண்டும் என்றதை அவரால் ஏற்க முடியவில்லை. மூன்றே ஆட்டங்களில் அந்த அணியை விட்டு விலகினார். திறமையில் இருவருக்கும் குறைவில்லை. தன் இடத்தைப் பிறர் தீர்மானிப்பதை ஒருவரால் ஏற்க முடிந்தது, மற்றவரால் முடியவில்லை.

இதைப் புரிந்துகொள்ள நாம் அமெரிக்கா வரை போகவேண்டியதுமில்லை. 1992இல் வெளிவந்த ‘தேவர் மகன்’ படத்தை நினைத்துப் பாருங்கள். நாற்பது ஆண்டுகளாக நடுநாயகமாக நின்ற சிவாஜி கணேசன் அதில் கதாநாயகனின் தந்தை. படத்தின் முற்பாதியிலேயே அவருடைய பாத்திரம் இறந்துவிடுகிறது. பிற்பாதியில் அவர் இல்லை. ஆனால் அந்தப் பிற்பாதி முழுவதும் அவர் விட்டுச்சென்ற கனத்தின் மேல்தான் நிற்கிறது. அது பெஞ்சிலிருந்து வந்த ஆட்டம். இன்னொரு வழியும் நம்மிடம் இருந்தது. எம்.ஜி.ஆர். தந்தை வேடத்துக்கு நகரவே இல்லை. 1978 ஜனவரியில் அவருடைய கடைசிப் படமான ‘மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்’ வெளிவந்தபோது அவருக்கு அறுபது வயது. அதிலும் அவரே வாளேந்திய கதாநாயகன். திரையிலிருந்து அவரை எடுத்துச் சென்றது முதலமைச்சர் நாற்காலி. தமிழ் ரசிக மனம் இந்த இரண்டாவது வழியைத்தான் நாயகர்களுக்கு உரியது என்று நம்புகிறது. நாயகன் நாயகனாகவே இருக்கவேண்டும். இல்லையேல் ஆட்சிக்குப் போகவேண்டும். நடுவில் ஓர் இடம் உண்டென்று அதற்குத் தெரியாது.

*

இனித் தோனியின் ஆட்டத்துக்கு வருவோம். அவருடைய பக்தர்கள் எண்களைக் காட்டி வாதிடுகிறார்கள். நாமும் எண்களையே பார்ப்போம்.

2018இல் அவர் 455 ஓட்டங்களும் 2019இல் 416 ஓட்டங்களும் எடுத்தார். அவை ஒரு முழுமையான மட்டையாளரின் எண்கள். 2023இல் 104 ஓட்டங்கள், சந்தித்த பந்துகள் 57. 2024இல் 161 ஓட்டங்கள், 73 பந்துகள். நூறு பந்துக்கு 220 என்ற வேகம். இந்தக் கடைசி எண்ணைத்தான் அவர்கள் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள். 2024 ஏப்ரலில் வான்கடே மைதானத்தில் ஹர்திக் பாண்டியாவின் பந்துகளில் மூன்று தொடர் சிக்சர்கள். நான்கு பந்துகளில் 20 ஓட்டங்கள். அந்த ஆட்டத்தில் சென்னை வென்றதும் 20 ஓட்டங்களில்தான். நாங்களும் எழுந்து நின்று கைதட்டினோம். அதில் எங்களுக்கு வெட்கம் எதுவும் இல்லை.

ஆனால் அந்த எண்ணுக்குள் இன்னொரு எண் ஒளிந்திருக்கிறது. ஒரு பருவம் முழுவதும் பதினான்கு ஆட்டங்கள் ஆடியவர் சந்தித்தவை எழுபத்து மூன்று பந்துகள் மட்டுமே. ஆட்டத்துக்கு ஐந்து பந்துகள் என்று வைத்துக்கொள்ளலாம். அதாவது அவர் அப்போதே ஆறாவது ஆளாகிவிட்டார். 2024 மே 5 அன்று தர்மசாலாவில் பஞ்சாப் அணிக்கு எதிராகச் சான்ட்னருக்கும் ஷர்துல் தாக்கூருக்கும் பின்னால் ஒன்பதாவதாக இறங்கி, ஹர்ஷல் படேலின் முதல் பந்திலேயே ஸ்டம்பைப் பறிகொடுத்தார். பந்து வீச்சாளர்களுக்குப் பின்னால் இறங்கும் ஒரு மட்டையாளருக்கு எந்த அணியிலும் பதினொருவருள் இடமில்லை. இவருக்கு இருந்தது.

2025இல் நிலைமை வெளிப்படையாயிற்று. மார்ச் 28 அன்று சேப்பாக்கத்தில் பெங்களூர் அணி 196 எடுத்தது. அஸ்வினுக்குப் பின் ஒன்பதாவதாக வந்த தோனி 16 பந்துகளில் 30 எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார். சென்னை 50 ஓட்டங்களில் தோற்றது. 2008க்குப் பிறகு பெங்களூர் அணிக்குச் சேப்பாக்கத்தில் கிடைத்த முதல் வெற்றி அது. ஆட்டம் கைவிட்டுப் போன பிறகு அடிக்கப்பட்ட அந்தக் கடைசிச் சிக்சர்களுக்கு எழுந்த ஆரவாரத்தைக் கேட்ட யாரும் சென்னைதான் வென்றது என்று நினைத்திருப்பார்கள். சில நாட்களில் பயிற்சியாளர் ஸ்டீபன் பிளெமிங் விளக்கம் தந்தார். தோனியின் முழங்கால்கள் முன்போல் இல்லை, பத்து ஓவர்கள் முழு வேகத்தில் ஓடி ஆட அவரால் இயலாது, எப்போது இறங்குவது என்பதை அன்றன்று அவரே கணிக்கிறார் என்பது அதன் சாரம்.

கடைசிப் பகுதியைக் கவனியுங்கள். அவரே கணிக்கிறார். எங்கள் வழக்கின் மையச் சாட்சியம் இதுதான். ஓர் அணியின் பயிற்சியாளர், அணித்தலைவரும் அல்லாத ஒரு வீரரைக் குறித்து இப்படிச் சொல்கிறார். அப்போது தலைவர் ருதுராஜ் கெய்க்வாட். தலைவருக்கு இல்லாத உரிமை, பயிற்சியாளருக்கு இல்லாத உரிமை, ஆடுபவருக்கு இருக்கிறது.

ஏப்ரல் 5 அன்று டெல்லிக்கு எதிராக அவர் முன்னதாகவே இறங்கிப் பார்த்தார். 26 பந்துகளில் 30 எடுத்தார். 25 ஓட்டங்களில் தோல்வி. ஆக, பின்னால் வந்தால் ஆட்டம் முடிந்துவிடுகிறது, முன்னால் வந்தால் வேகம் இல்லை. அந்தப் பருவத்தில் அவருடைய மொத்தம் 196 ஓட்டங்கள். வேகம் நூறு பந்துக்கு 135. நியாயத்துக்காக இதையும் சொல்லவேண்டும்: ஏப்ரல் 14 அன்று லக்னோவுக்கு எதிராக 11 பந்துகளில் 26 எடுத்து ஆட்டத்தை வென்று தந்து ஆட்டநாயகன் விருதையும் பெற்றார். மே 3 அன்று பெங்களூருக்கு எதிராக ஆயுஷ் மாத்ரே என்ற பதினேழு வயதுச் சிறுவன் 48 பந்துகளில் 94 எடுத்துத் தூக்கிவந்த ஆட்டத்தைக் கடைசி ஓவரில் முடிக்க முடியாமல் போனது. இரண்டு ஓட்டங்களில் தோல்வி. தோனி அந்தப் பழியைத் தானே ஏற்றுக்கொண்டார். மனிதராக அவர் மேல் நமக்கு மரியாதை கூடும் தருணம் அது. பருவ முடிவில், பதினான்கில் நான்கே வெற்றிகளுடன் சென்னை அணி தன் வரலாற்றில் முதன்முறையாகக் கடைசி இடத்தில் நின்றது.

*

இனி எதிர்வாதங்கள். நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்டவை மூன்று.

முதலாவது, மட்டையை விடுங்கள், விக்கெட்டுக்குப் பின்னால் அவரைப் போல் யார் இருக்கிறார்கள் என்பது. இது வலுவான வாதம். 2023 இறுதியாட்டத்தில் ஷுப்மன் கில்லையும், 2025இல் சூர்யகுமார் யாதவையும் பில் சால்ட்டையும் அவர் ஸ்டம்பிங் செய்த வேகத்தில் முதுமையின் சாயலே இல்லை. கண்ணும் கையும் சேர்ந்து இயங்கும் அந்தக் கணத்துக்கு நாம் எல்லோரும் கடன்பட்டவர்கள். ஆனால் 2025 நவம்பரில் ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கியது யார்? அவர் விக்கெட் காப்பாளர். டிசம்பர் ஏலத்தில் 14.20 கோடி ரூபாய் கொடுத்துக் கார்த்திக் சர்மா என்ற இளைஞரை எடுத்தது யார்? அவரும் விக்கெட் காப்பாளர். ஏற்கெனவே இருக்கும் உர்வில் படேலும் விக்கெட் காப்பாளர். ஒரு வீட்டில் மூன்று சாவிகள் செய்து வைத்துவிட்டு, பழைய சாவி இல்லாவிட்டால் கதவு திறக்காது என்று சொல்வதை எப்படி ஏற்பது?

இரண்டாவது, அவருடைய மூளை வேண்டும் என்பது. வேண்டும்தான். ஆனால் மூளைக்கு முழங்கால் தேவையில்லை. 2021 உலகக்கோப்பையில் இந்திய அணியின் ஆலோசகராக அவரே இருந்திருக்கிறார். அந்த அணி சூப்பர் 12 சுற்றோடு வெளியேறியது. அதற்கு அவரைக் குறைசொல்ல முடியாது. ஆனால் அவர் அருகிலிருந்தாலே மந்திரம் பலிக்கும் என்ற நம்பிக்கைக்கு அது நல்ல பதில். மேலும், அந்த மூளை அருகிலேயே இருப்பதால் பிறருடைய மூளை வளர்கிறதா என்று கேட்கவேண்டாமா? 2022இல் ஜடேஜாவைத் தலைவராக்கினார்கள். எட்டே ஆட்டங்கள். இரண்டு வெற்றிகள். பொறுப்பு தோனியிடமே திரும்பியது. 2025இல் முழங்கை முறிவால் கெய்க்வாட் விலகியபோதும் திரும்பியது. இரண்டு வாரிசுகள், இரண்டு முறை திரும்பிவந்த கிரீடம். வாரிசுகளுக்குத் திறமையில்லை என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. பெரியவர் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் வீட்டில் மகன் எடுத்த முடிவுக்கு என்ன மதிப்பு என்று கூட்டுக்குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும்.

மூன்றாவது, கூட்டம் அவருக்காகத்தான் வருகிறது என்பது. இதை வாதமாக அல்ல, வாக்குமூலமாகவே எடுத்துக்கொள்கிறோம். நிகழ்வது ஆட்டமல்ல, தரிசனம் என்று ஒப்புக்கொள்ளும் வாக்குமூலம். தரிசனத்தில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. கார்த்திகை தீபத்துக்கு லட்சக்கணக்கானவர்கள் வந்து கூடும் ஊரில் இருந்துகொண்டு அப்படிச் சொல்லவும் முடியாது. ஆனால் தரிசனத்துக்கு நடைசாத்தும் நேரம் உண்டு. தெய்வத்துக்கே பள்ளியறை உண்டு. நம் நாயகர்களுக்கு மட்டும் அது மறுக்கப்படுகிறது.

*

அந்தத் தரிசன மனநிலை ஆட்டத்தை என்ன செய்தது என்பதற்கு ஜடேஜாவே சாட்சி. தான் மேல்வரிசையில் இறங்கினால், தான் எப்போது ஆட்டமிழப்பேன், தோனி எப்போது வருவார் என்று கூட்டம் காத்திருக்கிறது என்று 2023இல் அவர் சிரித்தபடியே சொன்னார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் கொல்கத்தாவுக்கு எதிரான ஆட்டத்தில் தான் இறங்குவதுபோல் சில அடிகள் நடந்து, திரும்பிப் போய், தோனிக்கு வழிவிட்டு விளையாட்டுக் காட்டினார். அரங்கம் எழுப்பிய ஓசையில் எதிரணியின் ஆந்த்ரே ரஸ்ஸல் காதுகளைப் பொத்திக்கொண்டார். எல்லோரும் சிரித்தார்கள். எங்களுக்கு அந்தச் சிரிப்பு கசந்தது. தன் அணியின் மட்டையாளர் வெளியேறுவதைத் தன் ஊர்க் கூட்டமே வேண்டிக்கொள்ளும் மைதானம் உலகில் வேறெங்கே இருக்கிறது? 2023 இறுதியாட்டத்தில் தோனி முதல் பந்திலேயே ஆட்டமிழந்தார். கடைசி இரண்டு பந்துகளில் ஒரு சிக்சரும் ஒரு பவுண்டரியும் அடித்துக் கோப்பையைக் கொண்டுவந்தவர் இதே ஜடேஜாதான். அவரைத்தான் இரண்டரை ஆண்டுகளில் விட்டுக்கொடுத்தார்கள்.

விட்டுக்கொடுத்தது தவறு என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அணி என்றால் அப்படித்தான். எங்கள் வாதமே அதுதான். இந்த நிர்வாகத்துக்கு உணர்ச்சியை ஒதுக்கி முடிவெடுக்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. 2019இல் 26 விக்கெட்டுகள் எடுத்துத் தொடரிலேயே முதலிடம் பெற்ற இம்ரான் தாஹிர், மறு ஆண்டு பெரும்பாலான ஆட்டங்களில் தண்ணீர் போத்தல் சுமந்தார். நாற்பத்தொரு வயதில், முகம் சுளிக்காமல் சுமந்தார். ‘சின்னத் தல’ என்று கொண்டாடப்பட்ட சுரேஷ் ரெய்னா 2021 பருவத்தின் இறுதிக் கட்டத்தில் அணியில் இல்லை. அவருடைய இடத்தில் வந்த ராபின் உத்தப்பா தகுதியாட்டத்தில் 63 ஓட்டங்களும் இறுதியாட்டத்தில் 15 பந்துகளில் 31 ஓட்டங்களும் எடுத்தார். கோப்பை வந்தது. அடுத்த ஏலத்தில் ரெய்னாவை யாருமே எடுக்கவில்லை, சென்னையும் எடுக்கவில்லை. வயது ஒரு தடையும் அல்ல. 2018இல் கிழவர்கள் அணி என்று கேலிசெய்யப்பட்டவர்கள்தான் கோப்பையை வென்றார்கள். இறுதியாட்டத்தில் ஷேன் வாட்சன் 117 அடித்தபோது அவருக்கு முப்பத்தாறு வயது. 2023இல், எல்லோரும் முடிந்துபோனவர் என்று நினைத்த அஜிங்க்ய ரஹானே ஐம்பது லட்ச ரூபாய்க்கு வந்து 326 ஓட்டங்கள் குவித்தார். அவர்கள் அனைவரும் தம் இடத்தை ஆடிப் பெற்றார்கள், ஆடாதபோது இழந்தார்கள். விதி எல்லோருக்கும் இருந்தது. ஒருவருக்கு மட்டும் இல்லை.

விதியே அவருக்காக வளைந்தது என்றுகூடச் சொல்லலாம். சர்வதேச ஆட்டத்திலிருந்து விலகி ஐந்தாண்டு கடந்தவர்களை ‘அன்கேப்டு’ வீரர்களாகக் கருதும் பழைய விதி 2024இல் மீண்டும் உயிர்பெற்றது. இந்தியாவுக்கு 2007, 2011 உலகக்கோப்பைகளையும் 2013 சாம்பியன்ஸ் கோப்பையையும் தலைமையேற்று வென்று தந்தவர், இன்னும் இந்தியாவுக்கு ஆடியிராத இளைஞர்களின் வரிசையில் நான்கு கோடி ரூபாய்க்குத் தக்கவைக்கப்பட்டார். பகடி எழுத்தாளர் ஒருவர் இதைக் கற்பனைசெய்து எழுதியிருந்தால் மிகை என்று நாம் திருப்பி அனுப்பியிருப்போம்.

*

இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கிறார்கள். ஒரு பெயரைச் சொல்கிறோம். நாராயண் ஜெகதீசன். கோயம்புத்தூர்க்காரர். தமிழ்நாட்டின் விக்கெட் காப்பாளர், மட்டையாளர். 2018இல் சென்னை அணியில் சேர்ந்தார். 2022 வரை அந்த அணியில் இருந்தார். அத்தனை ஆண்டுகளில் அவருக்குக் கிடைத்தவை ஏழு ஆட்டங்கள். 2022 நவம்பரில் அவரை விடுவித்தார்கள். அதே மாதம் விஜய் ஹசாரே தொடரில் தொடர்ந்து ஐந்து சதங்கள் அடித்தார். ஐந்தாவது சதம், அருணாசலப் பிரதேசத்துக்கு எதிராக 141 பந்துகளில் எடுத்த 277. ஐம்பது ஓவர் ஆட்டங்களில் அதுவரை உலகில் எவரும் எட்டாத எண்ணிக்கை. 2025 ஜூலையில் ரிஷப் பந்த் காயமடைந்தபோது ஓவல் டெஸ்டுக்கான இந்திய அணிக்கு அழைக்கப்பட்டார்.

தோனி இல்லாதிருந்தால் ஜெகதீசன் பெரிய ஐபிஎல் வீரராகியிருப்பார் என்று நாங்கள் சத்தியம் செய்யமாட்டோம். அடுத்து அவரை எடுத்த கொல்கத்தாவில் அவர் சோபிக்கவில்லை. ஆனால் இருபத்திரண்டு வயதிலிருந்து இருபத்தாறு வயதுவரை ஓர் இளைஞர் பெஞ்சில் அமர்ந்திருந்தார் என்பது உண்மை. அது எந்த வயது என்று நமக்குத் தெரியும். எழுதுகிறவனுக்கு முதல் தொகுப்பு வரவேண்டிய வயது. பெஞ்சு ஒருபோதும் காலியாக இருப்பதில்லை. உட்காரவேண்டியவர் உட்காராவிட்டால் ஆடவேண்டியவர் அங்கே உட்கார்ந்திருப்பார். வயதான நாயகனைப் பற்றி நெகிழ்ந்து எழுதப்படும் கட்டுரைகள் எதிலும் இந்த இரண்டாமவரின் முகம் தென்படுவதில்லை. இலக்கிய உலகிலும் இதுவே நடைமுறை. சிறப்பிதழின் முதல் பக்கங்கள் யாருக்கு, இளையவரின் கதை எத்தனை மாதம் ஆசிரியரின் மேசையில் கிடந்தது என்று நாம் கணக்கெடுப்பதில்லை.

*

எங்கள் ஊரில் கார்த்திகை தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் ஐந்து தேர்கள் மாடவீதிகளைச் சுற்றி வருகின்றன. அம்மன் தேரைப் பெண்கள் இழுப்பார்கள். சண்டிகேசுவரர் தேரைச் சிறுவர்கள் இழுப்பார்கள். அண்ணாமலையார் எழுந்தருளும் மகாரதத்தின் வடத்தை ஆயிரக்கணக்கானவர்கள் பிடிக்கிறார்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்களின் கண் கலசத்தில் இருக்கும், வடத்தில் இருக்கும். சக்கரத்தின் அருகே முட்டுக்கட்டையுடன் நிற்பவர்களை அவர்கள் பார்ப்பதில்லை. அத்தனை ஆயிரம் பேரின் இழுவிசையை, சரியான கணத்தில் சரியான கோணத்தில் ஒரு மரக்கட்டையைச் சக்கரத்தின் கீழ் செருகித் திருப்புவதும் நிறுத்துவதும் அவர்கள்தான். அதற்கு வேண்டியது தோள்வலிமை அல்ல, தேர்ச்சி. பழகிய கண் வேண்டும். எப்போது செருகுவது என்பதைவிட எப்போது உருவிக்கொண்டு விலகுவது என்று தெரியவேண்டும்.

பேச்சுவழக்கில் முட்டுக்கட்டை என்றால் தடை. தேரோடும் ஊர்களில் அதற்கு வழிநடத்தும் கருவி என்ற பொருளும் உண்டு. இரண்டும் ஒரே கட்டைதான். உரிய நேரத்தில் உருவப்பட்டால் தேர் திரும்பும். அங்கேயே கிடந்தால் தேர் நிற்கும்.

ஆகவே எங்கள் கோரிக்கையைத் தெளிவாகவே வைக்கிறோம். 2023 முதல் ஐபிஎல்லில் இம்பேக்ட் பிளேயர் விதி இருக்கிறது. பதினொருவரில் ஒருவரை வெளியே எடுத்துவிட்டு மாற்று ஆட்டக்காரர் பட்டியலிலிருந்து ஒருவரை ஆட்டத்தின் நடுவே இறக்கலாம். ஆறாவது ஆளுக்கான இடத்தைக் கிரிக்கெட் இதற்குமுன் இவ்வளவு தெளிவாக உருவாக்கித் தந்ததில்லை. சாம்சன் விக்கெட் காக்கட்டும். மாற்றுப் பட்டியலில் தோனி போன்ற ஒருவரின் பெயர் இருக்கட்டும். பதினெட்டாவது ஓவரில் நாற்பது ஓட்டங்கள் தேவைப்படும் இரவில், பயிற்சியாளரும் தலைவரும் அழைத்தால் இறங்கட்டும். அழைக்காவிட்டால் இறங்கவேண்டாம். அந்த ஒற்றை இடத்துக்கும் போட்டியுண்டு. இன்னொரு பந்துவீச்சாளரோ, இருபது வயது மட்டையாளர் ஒருவரோ அன்றைக்கு அதிகம் பயன்படக்கூடும். அப்படிப்பட்ட இரவுகளில் அவர் ஆடாமல் இருப்பார். பெஞ்சு என்பதன் முழுப் பொருள் அந்த இரவுகளில்தான் இருக்கிறது. இதற்கு உடன்பட்டால் ஐம்பது வயதிலும் அவர் அங்கே இருக்கலாம், எங்களுக்கு ஆட்சேபமில்லை. உடன்படாவிட்டால் ஓய்வு பெறுவதே முறை.

எப்போது ஓய்வு பெறுவது என்பது அவருடைய உரிமை என்கிறார்கள். சரிதான், ஓய்வு அவருடைய உரிமை. பதினொருவரில் ஓர் இடம் எவருடைய உரிமையும் அல்ல. 2014 டிசம்பரில், தொண்ணூறு டெஸ்டுகளோடு, ஆஸ்திரேலியத் தொடரின் நடுவிலேயே யாரும் எதிர்பாராதபோது விலகியவர் அவர். 2020 ஆகஸ்ட் 15 மாலையில் ஒரு சமூக ஊடகப் பதிவோடு சர்வதேச ஆட்டத்தையும் முடித்துக்கொண்டவர் அவர். விழா இல்லை, விடைபெறும் ஆட்டம் இல்லை, கண்ணீர் இல்லை. விலகுவது எப்படி என்று இந்தத் தலைமுறைக்குக் கற்றுத்தந்த மனிதரை விலகவிடாமல் பிடித்து வைத்திருப்பது எது என்றால், மஞ்சள் அணிந்து நுழைவுச்சீட்டு வாங்கும் நம்முடைய பசிதான். நிர்வாகம் அந்தப் பசியை எண்ணிப் பார்க்கிறது, அவ்வளவே.

அடுத்தமுறை சேப்பாக்கத்தில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் ஆட்டமிழந்து திரும்பும்போது அங்கே எழும் ஓசையைக் கவனியுங்கள். அது துயரத்தின் ஓசையாக இருந்தால் சென்னைக்கு ஓர் அணி இருக்கிறது. ஆனந்தத்தின் ஓசையாக இருந்தால் முட்டுக்கட்டை இன்னும் சக்கரத்தின் கீழேதான் கிடக்கிறது. அதை அங்கே வைத்தது தோனியின் கை மட்டுமல்ல.